லினக்ஸில் டயல்-அப் மோடம்: வேலையைச் செய்வது யார்?

தொலைபேசி வலையமைப்பு மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டுமே அது சீராகக் கடத்துகிறது. பேச்சு புரிவதற்கு அந்த அளவே போதும் என்பதால் அதற்கு மேற்பட்ட அதிர்வெண்கள் இணைப்பகத்தில் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. இவ்வளவு குறுகிய பாதையில் கணினியின் சுழிகளையும் ஒன்றுகளையும் அனுப்ப வேண்டுமானால், ஒரு சுமப்பலையின் வீச்சையும் கட்டத்தையும் தரவுக்கேற்ப மாற்றி ஒலியாக அனுப்பவும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கவும் ஒரு கருவி தேவைப்படுகிறது. அக்கருவியே மோடம். இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் என்ற நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியபோதும், வீட்டுக்குள் இணையம் நுழைந்த வழி இதுதான்.

1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஒரு கணினியில் லினக்ஸைப் புதிதாக நிறுவியவர்களை மிகுதியாக அலைக்கழித்த வன்பொருள்களில் மோடம் முன்வரிசையில் நின்றது. வன்தட்டும் விசைப்பலகையும் திரையும் பெரும்பாலும் தாமாகவே இயங்கிவிட, மோடம் மட்டும் ஒருவருடைய கணினியில் சில நிமிடங்களில் இணைப்பைக் கொடுத்தது. அதே லினக்ஸ் வெளியீட்டை நிறுவிய இன்னொருவருடைய கணினியில் எத்தனை முயன்றாலும் அசையவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைப் பயனரின் அறிவிலோ லினக்ஸின் திறனிலோ தேடினால் கிடைக்காது. மோடம் செய்ய வேண்டிய வேலை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது, அந்த வேலையின் விவரம் வெளிப்படையாக இருந்ததா என்ற இரண்டு கேள்விகளில்தான் முழு விடையும் அடங்கியிருக்கிறது.

மோடத்தின் வேலையை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். தொலைபேசிக் கம்பியின் மின்னழுத்தத்தைத் தாங்கி, ஒலி அலையை எண்களாகவும் எண்களை ஒலி அலையாகவும் மாற்றுவது முதற்பகுதி. அந்த எண்களை வைத்துக் கணக்கிட்டு, எதிரொலியை நீக்கி, இரைச்சலுக்கிடையே தரவை மீட்பது இரண்டாவது பகுதி. கணக்கீடு மிகுந்த பகுதி இதுவே. கணினி தரும் கட்டளைகளைப் புரிந்துகொள்வதும், பிழைதிருத்தத்தையும் தரவு இறுக்கத்தையும் நடத்துவதும் மூன்றாவது. தரம் உயர உயர இரண்டாவது பகுதியின் சுமை கடுமையாகக் கூடியது. 1960களின் மோடம் நொடிக்கு 300 பிட் அனுப்பியது; 1994இல் வந்த வி.34 தரம் 28,800 பிட்டை எட்டியது. பின்னர் அது 33,600 ஆக உயர்ந்தது. 1998இல் வந்த வி.90 தரம் வேறொரு வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டது. இணைப்பகங்கள் அப்போது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாகவே தமக்குள் கடத்தின. இணையச் சேவை நிறுவனம் தன் பக்கத்தில் எண்முறை இணைப்பையே வைத்திருந்தால், பயனரின் வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியில் மட்டுமே ஒலியாக மாறும் தேவை ஏற்படும். அந்தக் கம்பியில் வரும் மின்னழுத்தப் படிகளை ஒவ்வொன்றாக இனங்காணும் மோடம் கோட்பாட்டளவில் நொடிக்கு 56,000 பிட் வரை பெறலாம். ஏற்கெனவே அமைந்திருந்த வலையமைப்பை மாற்றாமலே அதன் உள்ளமைப்பைப் படித்து வேகத்தைக் கறந்த அரிய பொறியியல் சாதனை இது.

மூன்று பகுதிகளும் ஒரே பெட்டிக்குள் இருந்த மோடத்தை லினக்ஸில் இயக்குவது எளிது. மேசைமேல் தனியாக வைக்கப்பட்டு, தொடர் துறை எனப்படும் சீரியல் போர்ட்டின் வழியே கணினியோடு இணைக்கப்படும் வெளி மோடம் அத்தகையது. விண்டோஸில் காம்1 எனப்படும் முதல் தொடர் துறையை லினக்ஸ் டெவ் என்ற அடைவில் டிடிஒய்எஸ்0 என்ற பெயருள்ள சாதனக் கோப்பாகக் காட்டுகிறது. காம்2 அங்கே டிடிஒய்எஸ்1 ஆகிறது. எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்காமல் சுழியிலிருந்து தொடங்குவதால் புதியவர்கள் தவறான துறையைக் குறிப்பிட்டுவிட்டு மோடம் பழுது என்று முடிவுகட்டியது பரவலாக நடந்தது. அனுமதியும் ஒரு தடை. சாதனக் கோப்பை எல்லாப் பயனர்களும் திறக்க முடியாது என்பதால், டெபியனில் டயல்அவுட் என்ற குழுவிலும், வேறு சில வெளியீடுகளில் யுயுசிபி என்ற குழுவிலும் பயனரைச் சேர்த்தாக வேண்டும்.

துறை சரிதானா என்று அறிய மினிகாம் போன்ற முனைய மென்பொருளைத் திறந்து, ஏடி என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினால் போதும். மோடம் ஓகே என்று திருப்பி எழுதினால், கம்பியும் துறையும் வேகமும் சரி. மௌனமாக இருந்தால், சிக்கல் அதற்குக் கீழேயுள்ள அடுக்கில் இருக்கிறது. இந்தக் கட்டளை மொழி, அமெரிக்காவில் டென்னிஸ் ஹேய்ஸ் தொடங்கிய நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்திலிருந்து வந்தது. ஒரே கம்பி வழியாகத் தரவும் போக வேண்டும், மோடத்துக்கான கட்டளையும் போக வேண்டும் என்ற இக்கட்டுக்கு அது கண்ட தீர்வு நுட்பமானது: இணைப்பு கிடைக்கும்வரை வருவதெல்லாம் கட்டளை, கிடைத்தபின் வருவதெல்லாம் தரவு, இணைப்பின் நடுவே கட்டளை தர வேண்டுமானால், ஒரு நொடி அமைதி, மூன்று கூட்டல் குறிகள், மீண்டும் ஒரு நொடி அமைதி. தரவுக்குள்ளேயே மூன்று கூட்டல் குறிகள் தற்செயலாக வந்தாலும் முன்னும் பின்னும் அந்த அமைதி இராது என்பதால் குழப்பம் நேராது. போட்டி நிறுவனங்களும் இதே மொழியைப் பின்பற்றியதால், எந்த நிறுவனத்தின் மோடமானாலும் எந்த இயங்குதளமும் அதனோடு பேச முடிந்தது. லினக்ஸுக்கென எந்த மோடம் நிறுவனமும் ஒரு வரிகூட எழுதித் தராத காலத்தில் லினக்ஸ் பயனர்கள் இணையத்தில் இருந்தார்கள் என்றால், அதற்கு இந்தப் பொதுமொழியே காரணம்.

லினக்ஸில் டயல் செய்யும் பணியை எளிதாக்கிய டபிள்யூவிடயல் என்ற மென்பொருளின் துணைக்கருவி, ஒவ்வொரு தொடர் துறையிலும் ஏடி கட்டளையை அனுப்பிப் பார்த்து, மோடம் இருக்கும் துறையைக் கண்டுபிடித்து அமைவுக் கோப்பை எழுதிவிடும். அது எழுதும் தொடக்கக் கட்டளைச் சரத்தை உற்றுப் பார்த்தால் மோடத்தின் குணம் முழுவதும் தெரியும். க்யூ0 என்றால் விடைகளை மறைக்காதே; வி1 என்றால் அவற்றை எண்ணாகச் சொல்லாமல் சொல்லாகச் சொல்; ஈ1 என்றால் தட்டியதைத் திருப்பிக் காட்டு; எஸ்0=0 என்றால் வெளியிலிருந்து அழைப்பு வந்தால் நீயாக எடுக்காதே; &சி1 என்றால் மறுமுனையின் சுமப்பலை இருக்கும்வரை மட்டுமே அதற்கான சைகைக் கம்பியை உயர்த்தி வை; &டி2 என்றால் கணினி தன் சைகையைத் தாழ்த்தியதும் தொலைபேசியைத் துண்டித்துவிடு. இறுதி இரண்டும் கவனிக்கத்தக்கவை. அவை இல்லையென்றால் மறுமுனை போன பிறகும் லினக்ஸ் இணைப்பு இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். பயனர் கணினியில் இணைப்பை முடித்த பிறகும் தொலைபேசி துண்டிக்கப்படாமல் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்தியப் பயனர்களுக்கு இன்னுமொரு கட்டளை தேவைப்பட்டது. வட அமெரிக்காவில் டயல் ஒலி 350, 440 ஹெர்ட்ஸ் ஒலிகளின் கலவை. இந்தியாவில் அது ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸ் ஒலி. அமெரிக்க ஒலிக்காகக் காத்திருக்கும்படி அமைக்கப்பட்ட மோடம், நல்ல தொலைபேசிக் கம்பியில் செருகப்பட்டிருந்தும், டயல் ஒலி இல்லை என்று கூறி நின்றுவிடும். எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேர்த்தால் அது ஒலிக்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். பழைய இணைப்பகங்களில் இன்னும் துடிப்பு முறை இருந்த இடங்களில் டயல் செய்ய ஏடிடிடி என்பதற்குப் பதில் ஏடிடிபி என்று கட்டளையிட வேண்டியிருந்தது.

துறையின் வேகத்தைக் குறித்த தயக்கமும் தீர்க்கப்பட வேண்டியது. மோடம் 56,000 பிட் வேகத்துக்கு மேல் போகாது என்றால் துறையை 1,15,200 என்று அமைப்பது ஏன் என்று கேட்கத் தோன்றும். மோடங்கள் தரவை இறுக்கி அனுப்புவதால், இறுக்கம் பிரிக்கப்பட்ட தரவு கணினிக்கு இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் வந்து சேரலாம் என்பதே காரணம். அந்த வேகத்தில் ஏறத்தாழ 87 மைக்ரோநொடிக்கு ஒரு பைட் வீதம் வருகிறது. ஒரே ஒரு பைட்டை மட்டுமே தாங்கும் பழைய தொடர் துறைச் சில்லு இருந்தால், வன்பொருள்களை ஆளும் இயங்குதள மையமான கெர்னல் வேறு வேலையிலிருந்து திரும்புவதற்குள் அடுத்த பைட் முந்தையதை அழித்துவிடும். 16 பைட்டுகளைத் தாங்கும் 16550ஏ சில்லு வந்த பிறகே லினக்ஸில் இவ்வேகம் நம்பத்தக்கதாயிற்று.

மோடத்தின் உள்ளே இருந்த வேலை வெளியேற்றப்பட்டபோது தொல்லை தொடங்கியது. 1990களின் நடுவில் கணினிகளின் மையச் செயலி வலுப்பெற்றதும், மேற்சொன்ன மூன்று பகுதிகளில் கட்டுப்பாட்டுப் பகுதியையோ, அதனுடன் கணக்கீட்டுப் பகுதியையும் சேர்த்தோ கணினிக்குள் செருகும் மோடம் அட்டையிலிருந்து நீக்கிவிட்டு, அவற்றைச் செய்யும் மென்பொருளை விண்டோஸ் இயக்கியாகக் குறுந்தட்டில் வைத்து விற்றால் விலை வெகுவாகக் குறையும் என்று உற்பத்தியாளர்கள் கண்டார்கள். யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயரான வின்மோடம் என்பதே இவ்வகை முழுவதற்கும் பொதுப்பெயராகிவிட்டது. தொலைபேசிக் கம்பியைத் தொடும் முதற்பகுதியும் ஒரு சில்லும் மட்டுமே கொண்ட அட்டை அது. அதற்கு ஏடி என்று சொன்னால் விடை சொல்ல உள்ளே யாரும் இல்லை. ஏடி மொழியைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அதன் மூலநிரலும், அட்டையின் பதிவகங்களை இயக்கும் முறையும் வெளியிடப்படவில்லை. எனவே லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியில் அந்த அட்டை எந்தத் தொடர் துறையாகவும் தோன்றாமல், பிசிஐ எனும் விரிவாக்கப் பாதையிலுள்ள கருவிகளின் பட்டியலில் பெயரளவில் மட்டும் தென்பட்டது.

அத்தகைய நிலையில் பயனர் முதலில் செய்ய வேண்டியது அட்டையின் சில்லை அடையாளம் காண்பது. பெட்டியில் அச்சிடப்பட்ட வணிகப் பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் விற்ற அட்டைகள் வெவ்வேறு சில்லுகளைக் கொண்டிருந்தன. எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும்தான் நம்பத்தக்கவை. லின்மோடம்ஸ் என்ற பெயரில் இணைந்த தன்னார்வலர்கள் ஸ்கேன்மோடம் என்ற கருவியை எழுதி, அவ்வெண்களைக் கொண்டு எந்த இயக்கி பொருந்தும் என்று சொல்ல வழிசெய்தார்கள். லூசென்ட் சில்லுக்கு ஓர் இயக்கி கிடைத்தது. ஸ்மார்ட் லிங்க் சில்லுக்கும், மடிக்கணினிகளில் ஒலிச்சில்லோடு இணைந்துவந்த பல மோடங்களுக்கும் எஸ்எல்மோடம் கிடைத்தது. கோனெக்சன்ட் சில்லுக்கு லினக்ஸன்ட் நிறுவனம் இயக்கி விற்றது, அதன் இலவசப் பதிப்பு நொடிக்கு 14,400 பிட்டுக்கு மேல் செல்லாது. கியூஇஎம்யு, எஃப்எஃப்எம்பெக் ஆகிய மென்பொருள்களை உருவாக்கிய ஃபாப்ரிஸ் பெல்லார், சமிக்ஞைக் கணக்கீடு முழுவதையும் திறந்த நிரலாகவே எழுத முடியும் என்று காட்டும் வகையில் லின்மோடம் என்ற முன்மாதிரியை எழுதினார். போற்றத்தக்க அம்முயற்சி எல்லா அட்டைகளுக்கும் பயன்படும் இயக்கியாக வளரவில்லை.

கிடைத்த இயக்கிகளில் பலவும் பாதி திறந்தவை, பாதி மூடியவை. லூசென்ட் இயக்கியில், மோடத்தை இயக்கும் முதன்மையான பகுதி ஏற்கெனவே இயந்திர மொழியாக்கப்பட்ட ஒரே கோப்பாக வந்தது. அதைச் சுற்றி, கெர்னலோடு பேசும் மெல்லிய உறை மட்டுமே மூலநிரலாகத் தரப்பட்டது. கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. 2.4.18 கெர்னலுக்காகத் தொகுத்த இயக்கிக்கூறை 2.4.20 கெர்னலில் ஏற்ற முயன்றால் பதிப்பு பொருந்தவில்லை என்று மறுக்கப்படும். பயனர் அந்தக் கெர்னலின் தலைப்புக் கோப்புகளை நிறுவி உறையை மறுபடி தொகுக்க வேண்டும். மூடிய பகுதியில் பிழை இருந்தால் அதைத் திருத்த யாராலும் இயலாது. மூடிய கூறு ஏற்றப்பட்ட கெர்னல் தன்னைக் கறைபட்டது என்று குறித்துக்கொள்வதும், அதன்பின் எழும் கோளாறுகளை ஆராயக் கெர்னல் உருவாக்குநர்கள் தயங்குவதும் இதனால்தான். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது: பார்க்க முடியாத நிரல் எந்த நினைவிடத்தைக் கெடுத்தது என்று கண்டறிவது ஏறத்தாழ இயலாத காரியம். இவை அனைத்துக்கும் மேலாக ஒரு முட்டுச்சந்தும் இருந்தது. இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு இயக்கி வேண்டும். ஆகவே பலரும் அதே கணினியில் விண்டோஸைத் தொடங்கிப் பதிவிறக்கி, நெகிழ்வட்டிலோ பொதுவான வன்தட்டுப் பிரிவிலோ வைத்து லினக்ஸுக்கு எடுத்துச் சென்றார்கள். இயக்கி வெற்றிகரமாக ஏறியதும் டிடிஒய்எல்டி0 அல்லது டிடிஒய்எஸ்எல்0 என்ற பெயரில் ஒரு துறை தோன்றும். அந்தத் துறையில் ஏடி என்று தட்டினால் ஓகே என்று விடை வரும். இப்போது விடை சொல்வது அட்டை அன்று, கணினியின் சொந்தச் செயலியே.

மோடங்கள் இரண்டும் ஒலியால் கைகுலுக்கிக்கொண்டு கனெக்ட் என்ற விடை வந்ததும் பாதி வேலைதான் முடிகிறது. அதுவரை கிடைத்திருப்பது எழுத்துகள் போகும் ஒரு குழாய் மட்டுமே. அதன்மீது இணையப் பொதிகளை அனுப்பும் ஏற்பாடு பிபிபி எனப்படும் முனைக்கு முனை நெறிமுறை, அதை நடத்தும் மென்பொருள் பிபிபிடி. ஒவ்வொரு பொதியின் தொடக்கமும் முடிவும் 126 என்ற மதிப்புள்ள பைட்டால் குறிக்கப்படுகின்றன. அதே மதிப்பு தரவுக்குள் வந்தால், 125 என்ற பைட்டை முன்னே வைத்து, தரவுப் பைட்டின் ஒரு பிட்டைப் புரட்டி அனுப்பிவிடுவார்கள். அதன்பின் இருமுனைகளும் பேச்சுவார்த்தை நடத்துகின்றன. இணைப்பின் தன்மைகளை முடிவுசெய்வது முதற்கட்டம். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்ப்பது இரண்டாவது. இணைய முகவரி வழங்குவது மூன்றாவது.

பிழைத்திருத்த விருப்பத்தை இட்டுப் பதிவுக் கோப்பைத் திறந்து வைத்தால், எந்தக் கட்டத்தில் பேச்சு முறிந்தது என்று தெளிவாகத் தெரியும். முதற்கட்டத்தில் ஒவ்வொரு முனையும் தற்செயலாகத் தேர்ந்த பெரிய எண்ணொன்றைத் தன் கோரிக்கையோடு அனுப்புகிறது. தான் அனுப்பிய எண்ணே திரும்பத் திரும்ப வந்தால், மறுபக்கத்தில் இருப்பது பிபிபி அன்று, தட்டியதை எதிரொலிக்கும் ஏதோவொன்று என்று பிபிபிடி அறிந்து, கம்பி தன்னையே சுற்றி வருகிறது என்று அறிவித்து நிறுத்திவிடும். மறுமுனையின் வழங்கி இன்னும் பயனர் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிபிபியைத் தொடங்கிவிட்டதே இதற்குப் பெரும்பாலும் காரணம். மிகப் பலரைத் திகைக்க வைத்த இன்னொரு செய்தி, மறுமுனை தன்னை நிரூபிக்க வேண்டும் என்பது. கணினியில் வலை அட்டை இருந்து, வேறு வழி குறிக்கப்படாத பொதிகள் செல்லும் இயல்பு வழி ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தால், வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைகிறார்கள் என்று கருதி, பிபிபிடி சேவை நிறுவனத்திடமே கடவுச்சொல் கேட்கும். எந்தச் சேவை நிறுவனமும் அதற்கு விடை தராது. நோஆத் என்ற ஒரு சொல்லை விருப்பக் கோப்பில் சேர்த்தால் சிக்கல் தீரும்.

இணைப்பு நிலைத்த பிறகும் வலைப்பக்கம் திறக்காவிட்டால் இரண்டே சந்தேகங்கள் மிஞ்சுகின்றன. நிறுவும்போது வலை அட்டைக்கெனக் கொடுத்த இயல்பு வழி அப்படியே இருந்தால், ஏற்கெனவே உள்ள வழியை மாற்றவில்லை என்று பிபிபிடி பதிவில் எழுதிவிட்டு நகர்ந்துவிடும்; பொதிகள் எங்கும் செல்லாத வலை அட்டையை நோக்கியே போகும். அந்த வழியை நீக்க வேண்டும். எண் முகவரிக்குப் பிங் என்ற சோதனைப் பொதி போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால், பெயர்ச் சேவையகத்தின் முகவரி ரிசால்வ் அமைவுக் கோப்பில் ஏறவில்லை. யூஸ்பியர்டிஎன்எஸ் என்ற விருப்பம் அதை மறுமுனையிடமே கேட்டுப் பெற்றுத் தரும்.

டயல்-அப் இணைப்புகள் அருகிய பின்னும் இவ்வேற்பாட்டின் இரு பகுதிகள் புழக்கத்தில் நீடித்தன. 1999இல் வரையறுக்கப்பட்ட பிபிபிஓஇ முறை, அதே பேச்சுவார்த்தையை ஈதர்நெட்டின்மீது நடத்தி டிஎஸ்எல் அகலப்பட்டை இணைப்புகளுக்குப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டுவந்தது. கைப்பேசி வலையமைப்போடு இணைக்கும் யுஎஸ்பி மோடங்கள் லினக்ஸில் டிடிஒய்யுஎஸ்பி0 போன்ற துறைகளாகத் தோன்றி, ஏடி கட்டளைகளுக்கு விடையளித்து, *99# என்ற எண்ணை டயல் செய்ததும் பிபிபிக்கு வழிவிட்டன. அவற்றின் உள்ளே ஓடும் நிலைபொருள் வின்மோடத்தின் இயக்கியைப் போலவே மூடப்பட்டது. ஆயினும் அது கணினியின் கெர்னலுக்குள் ஏறாமல் கருவிக்குள்ளேயே தன் செயலியில் ஓடுவதாலும், வெளியே காட்டும் மொழி எல்லோருக்கும் தெரிந்தது என்பதாலும், கெர்னல் பதிப்பு மாறினாலும் அந்தக் கருவிகள் தொடர்ந்து இயங்கின.